நான்கு இடம், நான்கு பிராந்தியம்: வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பங்கீடு எங்கே கோணுகிறது?

ஒரு வெளிநாட்டு அரசு ஆண்டுக்கு நான்கு புலமைப்பரிசில் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடா வருடம் தலைநகரத்துப் பிள்ளைகளே போனால், எல்லோரும் தேர்வுக் குழுவைத்தான் திட்டுவார்கள். குழு நேர்மையாகவே நடந்திருக்கலாம். நேர்முகப் பரீட்சைக்கு வந்த பன்னிரண்டு பேரில் பதினொருவர் தலைநகரத்தார் என்றால், மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறாது.

முதலில், பங்கிடும் உரிமை யார் கையில் என்று பாருங்கள். பிரித்தானியாவின் செவனிங், துருக்கி அரசுப் புலமைப்பரிசில் போன்றவற்றுக்கு மாணவர் நேரே இணையத்தில் விண்ணப்பிக்கிறார்; வழங்கும் நாடே தெரிவுசெய்கிறது. இவற்றில் மாகாண ஒதுக்கீடு கேட்டு அமைச்சுக்கு மனுப் போடுவது வீண் வேலை. பின்தங்கிய பகுதிகளிலிருந்து விண்ணப்பிப்போரைக் கூட்டத்தான் முடியும். பொதுநலவாயப் புலமைப்பரிசில்களில் ஒரு பகுதி, சீன அரசின் இருதரப்புத் திட்டம், ஹங்கேரியின் ‘ஸ்டிபெண்டியம் ஹங்காரிகம்’ ஆகியவற்றில் அனுப்பும் தரப்பு பெயர்களை முன்மொழிகிறது. பங்கீட்டுக்கு இடமிருப்பது இங்கேதான். ஜப்பான் அரசுப் புலமைப்பரிசிலுக்குத் தூதரகப் பரிந்துரை, பல்கலைக்கழகப் பரிந்துரை என இரண்டு வழி. தூதரக வழியில் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் உண்டு. அவை தலைநகரில் மட்டும் நடந்தால், பயணச் செலவே பாதிப் பேரைக் கழித்துவிடும்.

இனி ஒரு சுற்றறிக்கையின் பயணத்தைத் திகதியோடு பார்ப்போம். தூதரகக் கடிதம் 3ஆம் திகதி அமைச்சுக்கு வருகிறது. மொழிபெயர்ப்பும் கையொப்பமும் முடிந்து 11ஆம் திகதி வெளியாகிறது. தலைநகரப் பல்கலைக்கழக அறிவித்தல் பலகையில் அன்றைக்கே ஒட்டியாயிற்று. தபாலில் போன பிரதி தொலைதூர மாகாணக் கல்வித் திணைக்களத்தில் 18ஆம் திகதி முத்திரை வாங்கி, கோப்புக்குள் படுத்து எழும்பி, 24ஆம் திகதி கல்லூரியைச் சேர்கிறது. முடிவுத் திகதி 28. ஒருவருக்கு 17 நாள், இன்னொருவருக்கு 4 நாள். அந்த நான்கு நாளுக்குள் உறுதிப்படுத்திய பெறுபேற்றுச் சான்றிதழ், இரண்டு சான்றுரை, மருத்துவப் படிவம், பொலிஸ் சான்றிதழ் எல்லாம் வேண்டும். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, ஆனாலும் ஒதுக்கியாயிற்று.

இதற்கு மருந்து மலிவானது. ஆறு வார அவகாசத்தை, கடைசி அலுவலகத்தில் அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். பல திட்டங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் திறக்கின்றன. செவனிங் வழக்கமாக ஓகஸ்டில் திறந்து ஒக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ மூடும். கடிதம் வரும்வரை காத்திராமல் ஆண்டு அட்டவணையை முன்கூட்டியே வெளியிடலாம். விண்ணப்பத்தோடு பெறுபேற்றின் சாதாரணப் பிரதி போதும். மருத்துவப் படிவம், பொலிஸ் சான்றிதழ், வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி இவையெல்லாம் தெரிவானவரிடம் மட்டும் கேட்டால் போதும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பெறுபேறு இரண்டு ஆண்டு செல்லும் என்பதையும், செவனிங் கேட்கும் 2,800 மணிநேர வேலை அனுபவத்தில் பகுதிநேர வேலையும் தொண்டுப் பணியும் சேரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிராமத்தில் தொண்டு நிறுவனத்தோடு வேலை செய்த பலர் தமக்குத் தகுதியில்லை என்று தாமே ஒதுங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது கணக்கு. இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் 40% அகில இலங்கைத் திறமை, 55% மாவட்டச் சனத்தொகை, 5% பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிப்பார்கள். ஆயிரக்கணக்கான இடங்களுக்கு விகிதாசாரம் சரிவரும்; நான்கு இடத்துக்கு வராது. சனத்தொகை 46%, 29%, 18%, 7% உள்ள நான்கு பிராந்தியங்களை எடுங்கள். நான்கு இடத்தில் அவற்றின் உரிமை 1.84, 1.16, 0.72, 0.28. முழு எண்ணைக் கொடுத்து, மீதியைப் பெரிய பின்னத்துக்குக் கொடுத்தால் 2, 1, 1, 0. அடுத்த ஆண்டும் அதே கணக்கு, அதே பூச்சியம். 7% பிராந்தியத்துக்கு நூறு ஆண்டு போனாலும் ஒன்றும் கிடைக்காது.

பிழை, ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்குவதில் இருக்கிறது. நியூசிலாந்தும் ஜெர்மனியும் நாடாளுமன்ற ஆசனப் பங்கீட்டுக்குக் கைக்கொள்ளும் சான்ட்-லாக்யூ முறை இங்கே நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு பிராந்தியத்தின் விகிதத்தையும் 1, 3, 5, 7 என ஒற்றை எண்களால் வகுத்து, வரும் எண்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குங்கள்: 46, 29, 18, 15.3, 9.7, 9.2, 7, 6.6 என்று போகும். முதல் நான்கும் முதலாம் ஆண்டு: 2, 1, 1, 0. அடுத்த நான்கும் இரண்டாம் ஆண்டு: 2, 1, 0, 1. சின்னப் பிராந்தியத்தின் முறை வந்துவிட்டது. இந்த வரிசையைப் பத்து ஆண்டுக்கு முன்பே எழுதி வெளியிடலாம். யார் அமைச்சரானாலும் மாறாது. வரிசையில் கிடைத்த இடத்துக்குத் தகுதியான ஆள் இல்லையென்றால், அந்த ஆண்டு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பிராந்தியத்தின் முறையை அடுத்த ஆண்டின் முதல் இடத்துக்கு நகர்த்துங்கள். முறை காலாவதியாகும் என்று விதி எழுதினால், முடிவுத் திகதியைச் சுருக்கியே அதைக் காலாவதியாக்கிவிடுவார்கள்.

அளவுகோலிலும் கவனம் வேண்டும். பட்டதாரிகளின் எண்ணிக்கையை எடுத்தால் பழைய ஏற்றத்தாழ்வுக்கே முத்திரை குத்துகிறோம். விண்ணப்பங்களின் எண்ணிக்கை அதைவிட மோசம். உரிய வயதுச் சனத்தொகையே ஓரளவு நியாயமானது.

எந்தப் பிராந்தியத்தார் என்று எதை வைத்துத் தீர்மானிப்பது? நிரந்தர முகவரியை வைத்தால், விண்ணப்ப மாதத்தில் மாமா வீட்டு முகவரிக்குத் திடீர் மவுசு வந்துவிடும். பிறந்த இடத்தை வைத்தால், அங்கே பிறந்து தலைநகரில் வளர்ந்தவர் நுழைந்துவிடுவார். இடைநிலைக் கல்வியில் அதிக ஆண்டுகள் படித்த பாடசாலை எங்கே என்பதைக் கேளுங்கள். பழைய வரவுப் பதிவேட்டைப் பின்னோக்கித் திருத்துவது முகவரி மாற்றுவதுபோல் லேசானதல்ல.

பிராந்தியவாரியாக நான்கு எண் வெளியிட்டால் குறை எங்கே என்பது தெரிந்துவிடும்: வந்த விண்ணப்பம், முழுமையானது, நேர்முகத்துக்கு அழைத்தது, தெரிவானது. முதல் எண்ணே சிறிதென்றால் அறிவித்தல் போய்ச் சேரவில்லை. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் சரிந்தால் ஆவணச் சிக்கல். மூன்றில் சரிந்தால் புள்ளித் திட்டத்தைப் பாருங்கள்; ஆங்கிலத்துக்கும் வெளிநாட்டு அனுபவத்துக்கும் அங்கே தனிப் புள்ளி இருக்கும்.

முன்மொழிவோடு வேலை முடிவதில்லை. அனுப்பிய பட்டியலில் யாரை எடுப்பது என்பது வழங்கும் நாட்டின் கையில். நான்கு இடத்துக்கு எட்டுப் பெயர் அனுப்பினால், நான்காம் பிராந்தியத்து ஒரே பெயர் அங்கே விழுந்துவிடக்கூடும். எனவே ஒவ்வோர் இடத்துக்கும் அதே பிராந்தியத்திலிருந்து ஒரு காத்திருப்பாளரை இலக்கமிட்டு அனுப்புங்கள். அவருடைய கடவுச்சீட்டும் அதே வாரத்தில் தயாராக இருக்க வேண்டும். வீசாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒருவர் விலகினால், கடவுச்சீட்டுக் கையிலிருக்கும் தலைநகரத்தாருக்குத்தான் அந்த இடம் போய்விடும்.