வலையில் விழாத மீன்

கொழும்பின் வெள்ளவத்தைக் கால்வாயில் மீன் துள்ளுவதைக் கண்டால், "தண்ணீர் பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டு போகிறோம். துள்ளியது திலாப்பியா என்றால் அந்த நிம்மதிக்கு ஆதாரமே இல்லை. ஆபிரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் அழுக்கு நீரையும் ஒட்சிசன் குறைவையும் தாங்கிக்கொள்ளும். விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றையே சுவாசிப்பவை. நீரிலுள்ள ஒட்சிசனை மட்டுமே நம்பி வாழும் சிறு கெண்டைகள்தான் முதலில் காணாமற்போகின்றன. ஆகவே, இருக்க வேண்டிய எந்த மீன் இல்லை என்றுதான் ஆய்வாளர் தேடுவார்.

போத்தலில் அள்ளிய நீர் அள்ளிய வேளையின் நிலையை மட்டும் சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் கடலைச் சேர்ந்துவிடலாம். மீனும் செடியும் மாதக்கணக்கில் அந்த நீரிலேயே கிடந்து, வந்த கழிவையெல்லாம் அனுபவித்தவை.

செடிகள் சொல்வதைக் கரையில் நின்றபடியே படிக்கலாம். நீருக்குள் மூழ்கி வளரும் செடிக்கு வெளிச்சம் வேண்டும். மண் கரைந்தோ பாசி பெருகியோ நீர் கலங்கினால் அது சாகும். நீர்மேல் மிதக்கும் ஆகாயத்தாமரைக்கும் சல்வீனியாவுக்கும் கலங்கல் ஒரு பொருட்டல்ல. கழிவோடு வரும் நைதரசனும் பொஸ்பரசும் அவற்றுக்கு உரம். அவை பாயாக விரிந்து வெளிச்சத்தை மறைக்கும். அழுகும்போது எஞ்சிய ஒட்சிசனும் செலவாகும். அதன் பிறகு விரால்தான் மிஞ்சும்.

மீன்களை வைத்து நீரின் நலத்தை எண்ணாக்க முதலில் வழிகாட்டியவர் அமெரிக்க உயிரியலாளர் ஜேம்ஸ் கார். 1981இல் அமெரிக்க நீரோடை மீன்களுக்கு 12 அளவுகோல்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் 1, 3 அல்லது 5 புள்ளி கொடுத்தார். பின்னர் கனடாவில், வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையோரச் சதுப்புகளுக்கு வேறொரு முறை வந்தது: ஒவ்வோர் இனமும் எவ்வளவு கேட்டைத் தாங்கும் என்பதற்கு 1 முதல் 5 வரை ஓர் எண். எந்த நீரிலும் வாழும் இனத்தின் சாட்சிக்கு எடை குறைவு. குறிப்பிட்ட நீரில் மட்டும் வாழும் இனத்தின் சாட்சிக்கு எடை அதிகம்.

அந்தப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நீர்கொழும்புக் களப்போடு ஒட்டிக் கிடக்கும் முத்துராஜவெல சதுப்பில் உப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். மழைக்குப் பின் வலையில் உவர்நீர் மீனான மடவை குறைந்தால் அதை நோய் என்று எழுதிவிடக் கூடாது. ஒரே இடத்தில், மழைக்கு முன்னும் பின்னும் வலை போட வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. நலம் எது என்று காட்ட, குலையாத சதுப்பு ஒன்று ஒப்பீட்டுக்கு வேண்டும். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. ஆனாலும் பெல்லன்வில-அத்திடிய சரணாலயத்திலேயே கண்ணாடித் தொட்டிக்காக வந்த கத்திமீன் பெருகிவிட்டது. வத்தளைப் பக்கத்து வயதான மீனவர்களிடம் போய், முன்பு வலையில் விழுந்து இப்போது விழாத மீன்களின் பெயர்களைக் கேட்டு இப்போதே எழுதிவைக்க வேண்டும். ஒப்பிட நமக்கு மிஞ்சியிருப்பது அவர்களுடைய நினைவுதான்.