காலையில் பி.எச். 7.8 காட்டினால் ஆப்பச்சோடாவைத் தொடாதீர்கள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீட்டுப் பவளத் தொட்டிகளைப் பராமரிக்கும் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் பி.எச். (நீரின் அமில-கார அளவு) 7.8 காட்டியது, அதை ஏற்றப் பஃபர் (ஆப்பச்சோடா போன்ற காரப்பொடி) போட்டோம், மறுநாளும் அதே 7.8, மறுபடி போட்டோம். இப்போது அக்ரோபோரா பவளத்தின் நுனி வெளுத்துவிட்டது, டார்ச் பவளம் விரியவே இல்லை. அளந்து பார்த்தால் ஆல்கலினிட்டி (பவளம் எலும்புக்கூடு கட்ட எடுக்கும் கார்பனேட் சத்தின் அளவு) 12 டி.கே.எச்.சை, அதாவது அதன் அலகில் 12ஐ, தாண்டியிருக்கும். பவளத்தைக் கெடுத்தது குறைந்த பி.எச். அல்ல, அதைத் தூக்கப் போட்ட மருந்து.

பி.எச். ஏன் இறங்குகிறது? இரவு முழுக்க ஏர்கோன் ஓடும் கொண்டோ வீட்டில் சன்னல்கள் மூடியே இருக்கும். நான்கு பேர் மூச்சு விட்டுத் தூங்குகிறார்கள். அறையில் சேரும் கரியமில வாயு தொட்டி நீரிலும் கரைகிறது. ஆல்கலினிட்டி மாறாமல் காற்றில் இந்த வாயு மட்டும் இரட்டிப்பானால் பி.எச். ஏறக்குறைய 0.25 முதல் 0.3 வரை இறங்கும். புகைமூட்டக் காலத்தில் பகலிலும் சன்னல் திறக்க முடியாது. தீபாவளித் திறந்த இல்லத்தன்று வீடு நிறைய விருந்தினர் இருந்தால் மாலைக்குள்ளேயே இறக்கம் தெரியும். இதற்கு ஆப்பச்சோடா ஒன்றும் செய்யாது. அது ஆல்கலினிட்டியை ஏற்றும், வாயுவை வெளியேற்றாது.

காரணம் அறைக் காற்றுதானா என்று சோதிப்பது எளிது. தொட்டியிலிருந்து ஒரு குவளை நீர் எடுத்து பி.எச். அளவிடுங்கள். குவளையைப் பால்கனிக்குக் கொண்டுபோய்ச் சிறிய ஏர் பம்ப் வைத்து ஒரு மணி நேரம் வெளிக்காற்றைக் குமிழவிட்டு மறுபடி அளவிடுங்கள். 0.2 அல்லது அதற்கு மேல் ஏறினால் குற்றவாளி அறைக் காற்றே. நீரில் காற்றைக் குமிழவிட்டுக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சன்னல் வழியாக வெளியே நீட்டுவது முதல் தீர்வு. அதற்கு வழியில்லை என்றால் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிரப்பிய ஸ்க்ரப்பரைக் குழாயில் மாட்டலாம். இரண்டுமே முடியாதா? 7.8இல் நிலையாக நிற்கும் தொட்டியை அப்படியே விடுங்கள். பவளம் சற்று மெதுவாக வளரும், அவ்வளவுதான்.

குழாயை வெளியே விட்டவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. டிங்கிக்காகக் கீழே கொசுப்புகை அடிக்கும் நாளில் அதைக் கழற்றி உள்ளே எடுங்கள், சன்னலை மூடுங்கள். அந்தப் புகையில் வரும் பைரித்ராய்டு வகை மருந்துகள் இறால், நண்டு வகைகளுக்குக் கொடிய நஞ்சு. அன்று புதிய ஆக்டிவேட்டட் கார்பனையும் சம்ப்பில் (தொட்டி நீர் வடிகட்டப்படும் தனிக் கலன்) போட்டு வைப்பது நல்லது.

இனி உண்மையிலேயே கவனிக்க வேண்டிய எண்: ஆல்கலினிட்டி. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை, மக்னீசியம் 1250 முதல் 1350 வரை எங்கே நின்றாலும் பவளம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆல்கலினிட்டி 7 முதல் 9 டி.கே.எச். வரை உங்களுக்குப் பிடித்த எண்ணாக இருக்கலாம், ஆனால் தேர்ந்தெடுத்த எண்ணிலேயே நிற்க வேண்டும். எலும்புக்கூடு கட்டும் பவளம் 2.8 டி.கே.எச். எடுக்கும்போது கால்சியம் வெறும் 20 பிபிஎம் தான் குறைகிறது. அதாவது ஆல்கலினிட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலியாகும்போது கால்சியம் சோதனைக் கிட் எந்த மாற்றத்தையும் காட்டாமல்கூட இருக்கலாம். கால்சியத்தை மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடைபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

முதலில் உங்கள் தொட்டி ஒரு நாளில் எவ்வளவு தின்கிறது என்று தெரிய வேண்டும். மருந்து போடுவதை நிறுத்திவிட்டு மூன்று நாள், ஒரே நேரத்தில், ஒரே கிட்டால் அளவிடுங்கள். 8.4இல் தொடங்கி மூன்றாம் நாள் முடிவில் 7.5 என்றால் நாளுக்கு 0.3. நூறு லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்ற 3 கிராம் ஆப்பச்சோடா வேண்டும். கல்லும் மணலும் போக 200 லிட்டர் நீர் இருந்தால் நாளொன்றுக்கு 1.8 கிராம். ஒரு லிட்டர் ஆர்.ஓ. (சவ்வால் வடிகட்டிய) நீரில் 60 கிராம் கரைத்து வைத்தால் தினமும் 30 மில்லி போதும். அதற்கு ஈடான கால்சியக் கரைசலுக்கு, இரு நீர்மூலக்கூறு உள்ள கால்சியம் குளோரைடு 52 கிராம் ஒரு லிட்டரில். அதுவும் தினமும் 30 மில்லி. இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றினால் பால் போல வெண்மேகம் கிளம்பும். அது சுண்ணாம்பாகப் படிந்து பம்ப்பின் இம்பெல்லரில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் போட்டது பவளத்துக்குப் போகவில்லை. குறைந்தது அரை மணி இடைவெளி விடுங்கள். தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் இருந்தால் ஆல்கலினிட்டியை ஆறு தவணையாகப் பிரித்து, பாதிக்கு மேல் இரவில் விழும்படி வையுங்கள்.

மளிகைக் கடையில் வாங்கும்போது பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். பி.எச். எப்போதும் தாழ்ந்தே இருக்கும் வீட்டில் ஆப்பச்சோடாவை அவன் (oven) அடுப்பில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு சோடியம் கார்பனேட்டாக மாற்றிக்கொள்ளலாம். சுடுவதற்கு முன் 60 கிராம் இருந்தது பிறகு 38 கிராமாக இருக்கும், வலிமை அதேதான். இந்தக் கரைசல் பி.எச்.சையும் கொஞ்சம் தூக்கும். கையில் பட்டால் எரியும், கையுறை போடுங்கள்.

ஆல்கலினிட்டி விழுந்துவிட்டது என்று தெரிந்தால் பதறாதீர்கள். 6இல் இருப்பதை 8க்குக் கொண்டுவர நான்கு நாள் எடுங்கள், நாளுக்கு 0.5 டி.கே.எச். என்பதே எங்கள் வரம்பு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்தில் இருக்கும் தொட்டியில் ஏற்றம் இன்னும் ஆபத்து, நுனி எரிவது பெரும்பாலும் அங்கேதான். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும். பாஸ்பரஸை பிபிபியில் (நூறு கோடியில் ஒரு பங்கு) காட்டும் மின்னணுக் கருவி என்றால் அதை 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 20 காட்டினால் அது 0.06 பிபிஎம் பாஸ்பேட். இதை மாற்றாமலே படித்துவிட்டுப் பாஸ்பேட் நீக்கியை அள்ளிப் போடுபவர்கள் பலர்.

நம் ஊர் ஈரப்பதம் தனித் தொல்லை. கால்சியம் குளோரைடு டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள நீரை உறிஞ்சி ஒழுகத் தொடங்கும். அதற்குப் பிறகு 52 கிராம் நிறுத்தாலும் உள்ளே இருப்பது 52 கிராம் அல்ல. வாங்கிய அன்றே முழுப் பொட்டலத்தையும் கரைசலாக்கிவிடுவது உத்தமம். கடல் உப்பு வாளிக்கும் இறுக்கமான மூடி தேவை. கட்டிப்போன உப்பை நிறுக்காமல் ரிஃப்ராக்டோமீட்டரால் (நீரின் உப்பளவைக் காட்டும் கருவி) அளந்து கலக்குங்கள். அந்த ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் நீரால் அல்ல, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலால் சரிசெய்யுங்கள். புதிய உப்பின் ஆல்கலினிட்டியையும் ஒருமுறை அளந்து பாருங்கள். சில உப்புகள் 12 டி.கே.எச். வரை கொடுக்கும். 8இல் இருக்கும் தொட்டியில் அதைக் கொண்டு 15 சதவீதம் நீர் மாற்றினாலே 0.6 ஏறிவிடும்.

வெப்பம்: 25 முதல் 27 டிகிரி. ஹீட்டர் நமக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மின்விசிறி குளிர்விப்பது குறைவு. சில்லர் வாங்குங்கள், அதை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். வெப்பக் காற்று வெளியேற வழியில்லாத சில்லர் ஓடிக்கொண்டே இருக்கும், நீர் குளிராது.

குழாய் நீரில் குளோரின் உண்டு; ஆர்.ஓ. சவ்வும் டி.ஐ. பிசினும் சேர்ந்த ஆர்.ஓ.டி.ஐ. வடிகட்டி இல்லாமல் பவளத் தொட்டி வேண்டாம். கொண்டோவின் மேல்மாடிகளில் மொட்டைமாடித் தொட்டி அருகிலேயே இருப்பதால் நீரழுத்தம் போதாமல் போகும். 40 பி.எஸ்.ஐ.க்குக் கீழே மெம்பிரேன் (ஆர்.ஓ. சவ்வு) சரியாக வடிகட்டாது, மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ. பிசின் சீக்கிரம் தீரும். பூஸ்டர் பம்ப் ஒன்று மாட்டினால் அந்தச் செலவு மிச்சம். தண்ணீர் வெட்டுக்குப் பின் முதலில் வரும் பழுப்பு நீரை வடிகட்டிக்குள் விடாமல் குழாயைத் திறந்து ஓடவிடுங்கள். வெட்டு அறிவிப்பு வந்தவுடன் 40 லிட்டர் வடிகட்டிச் சேமித்து வையுங்கள். பத்து ஃபிரிங்கி கடற்கரையின் நீரை வாளியில் அள்ளி வரலாமா என்று பினாங்கில் கேட்பார்கள். கரையோர நீரில் சேறும் கழிவும் கலந்திருக்கும், மழைக்குப் பின் உப்பும் குறையும். வேண்டாம்.

கடைசியாக ஆவியாதல். 200 லிட்டர் தொட்டி நாளுக்கு 3 லிட்டர் இழந்தால், நிரப்பாத ஐந்து நாளில் உப்பு 35இலிருந்து 37.8க்குப் போகும், கூடவே ஆல்கலினிட்டியும் கால்சியமும் அதே விகிதத்தில் ஏறியதாகக் காட்டும். எந்தச் சோதனைக்கு முன்பும் நீர்மட்டத்தைச் சரிசெய்யுங்கள். தானியங்கி நிரப்பி வைப்பவர்கள் அதன் நீர்க்கலனைச் சிறியதாக வையுங்கள். மிதவை சிக்கி 20 லிட்டரும் உள்ளே கொட்டினால் உப்பு 31.8க்கு விழும், 6 லிட்டர் கலன் என்றால் ஏறக்குறைய 34இலேயே நிற்கும். அந்தக் கலனில் கால்க்வாசர் (சுண்ணாம்பான கால்சியம் ஹைட்ராக்சைடு) கரைத்திருந்தால் கணக்கு வேறு. தெளிந்த கரைசல் ஒரு லிட்டர் 200 லிட்டர் தொட்டியில் 0.56 டி.கே.எச். ஏற்றும், அதன் பி.எச். 12க்கும் மேல். ஆறு லிட்டரும் ஒரே மூச்சில் இறங்கினால் 3 டி.கே.எச்.க்கு மேல். தீபாவளிக்கு ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ நான்கு நாள் கிளம்புகிறீர்கள் என்றால், கால்க்வாசரை எடுத்துவிட்டு வெறும் ஆர்.ஓ. நீரை வையுங்கள். கலனை யாராவது ஒருவர் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். மாலை இடிமழையில் இ.எல்.சி.பி. (மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் அதைத் தூக்கிவிடவும் வீட்டுச் சாவி அவரிடமே இருக்கட்டும்.