டிஸ்ரப்ஷன்: உடைப்பு என்று சொல்லலாமே

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் படிக்கும் என் தங்கை மகள் போன மாதம் ஒரு கட்டுரைத் தலைப்போடு வந்தாள். 'சீர்குலைக்கும் தொழில்நுட்பங்கள்' என்று இருந்தது. "ஏனுங் மாமா, சீர்குலைக்கறது எப்படி நல்லதா இருக்கும்? இதைப் பாராட்டி எழுதச் சொல்றாங்களே" என்றாள். அவள் கேட்டது நியாயம். ஆங்கிலத்தில் டிஸ்ரப்ஷன் என்று இருந்ததை யாரோ அகராதி பார்த்து அப்படியே மாற்றியிருக்கிறார்கள். அமைதியைச் சீர்குலைத்தார்கள், கூட்டத்தைச் சீர்குலைத்தார்கள் என்று போலீஸ் செய்தியில் வரும் சொல் அது. போனில் பணம் கட்டுவது போன்ற புதுத் தொழில்நுட்பத்துக்கும் அதற்கும் என்ன உறவு?

சரி, மூலத்தைப் பார்ப்போம். இலத்தீனில் 'ரும்பெரே' என்றால் உடைத்தல். 'டிஸ்' என்பது பிரிந்து விலகுவதைக் காட்டும் முன்னொட்டு. இரண்டும் சேர்ந்தால், இரண்டாகப் பிளந்துபோகும்படி உடைதல். எரிமலை பொங்கும் இரப்ஷன், பேச்சை இடைமறிக்கும் இன்டரப்ஷன் எல்லாம் இந்த வேரில் பிறந்தவைதான். எனக்கு மிகவும் பிடித்தது வழிக்கு நாம் தினமும் சொல்லும் 'ரூட்'. அதுவும் இதே வேர். 'வியா ருப்தா' என்றால் உடைத்துத் திறந்த வழி; பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ரூட் ஆனது. நாமும் மலையில் பாதை 'வெட்டினார்கள்' என்றுதானே சொல்கிறோம்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் வெகுகாலம் கெட்ட செய்திக்கே பயன்பட்டது. ரயில் நின்றால் டிஸ்ரப்ஷன், மின்சாரம் போனால் டிஸ்ரப்ஷன். 1995ல் கிளேட்டன் கிறிஸ்டென்சன், ஜோசப் பவர் என்ற இரண்டு ஹார்வர்டு பேராசிரியர்கள் அதற்குத் தனிப்பொருள் கொடுத்தார்கள். 1997ல் கிறிஸ்டென்சன் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. பெரிய கம்பெனிகள் மதிக்காத அடிமட்டத்தில், மலிவாக, தரம் கொஞ்சம் குறைவாக ஒன்று நுழைகிறது. அங்கே லாபம் குறைவு என்பதால் பெரியவர்கள் அந்த இடத்தைச் சந்தோஷமாக விட்டுக்கொடுக்கிறார்கள். அது தேறித் தேறி மேலே வருகிறது. ஒருநாள் அவர்களுக்கே நிற்க இடமில்லை. அவர் காட்டிய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, பழைய இரும்பை உருக்கும் சிறு ஆலைகள். முதலில் கட்டடக் கம்பி மட்டும்தான் செய்தன, கடைசியில் தகடு வரைக்கும் போய்விட்டன. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஆக, தமிழில் நமக்கு வேண்டிய சொல்லில் மூன்று இருக்க வேண்டும்: உடைதல், கீழிருந்து தொடங்குதல், சிறிதாகத் தொடங்குதல். 'இடையூறு' தற்காலிகத் தொல்லை, போதாது. 'புரட்டிப்போட்டது' என்று பேச்சில் அழகாகச் சொல்கிறோம், ஆனால் பெயர்ச்சொல்லாக்கினால் 'புரட்டு' ஆகி, ஏமாற்று வேலை என்று பொருள் மாறிவிடும். 'புரட்சி' எல்லாவற்றுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது.

எனக்குப் பட்ட சொல் உடைப்பு. ஏரி உடைப்பெடுத்தது, ஆறு உடைப்பெடுத்தது என்கிறோமே, அந்த உடைப்பு. வைகையில் உடைப்பெடுத்தபோதுதான் சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமந்தார். மலையாளத்தில் குட்டநாட்டுக்காரர்கள் வரப்பு உடைவதை 'மடவீழ்ச்ச' என்பார்கள். அந்த 'மட' நம் மடையின் உறவுதான்.

எங்கள் எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் மழை குறைந்த விவசாயக் காடு. ஏரித் தண்ணீர் உயிர். என் பெரியப்பா கரையில் நடக்கும்போது மேலே பார்க்கமாட்டார், கரையின் அடிப்பக்கமே பார்ப்பார். "வெளிப்பக்கம் கசியுது பாரு கண்ணு. தெளிஞ்சு வந்தாப் பயமில்லை. கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம்" என்பார். பெரும்பாலும் அது நண்டு வளையாகவோ எலி வளையாகவோ இருக்கும். கைப்பிடி மண்ணில் அடைத்துவிடலாம். விட்டால் கரையே போகும். கிறிஸ்டென்சன் சொன்னது முழுவதும் இந்த நண்டு வளையில் இருக்கிறது.

வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் இதைக் கண்ணால் பார்த்தேன். கார்டு தேய்க்கும் மெஷினுக்கு வாடகை, கமிஷன் என்று செலவு உண்டு. அதனால் அது பெரிய கடைகளோடு நின்றது. கூடையில் கீரை விற்கும் அக்காவை எந்த வங்கியும் தேடி வரவில்லை. 2016ல் யூபிஐ வந்தது. அப்புறம் ஒரு அட்டையில் அச்சடித்த கியூஆர் சதுரம் தராசுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதற்கு மெஷின் வேண்டாம். 2020 சனவரி முதல் கடைக்காரருக்குக் கட்டணமும் இல்லை. கீரைக்கூடையில் தொடங்கியது இன்று கோவை நகைக்கடை வரை போய்விட்டது. இது அசல் உடைப்பு.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வாளையாறு வேறு கதை. அங்கே செக்போஸ்ட்டில் கிலோமீட்டர் கணக்கில் லாரிகள் நிற்கும். 2017 சூலை 1ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனை எடுக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு, விவரத்தை இணையத்தில் பதிந்து எடுக்கும் இ-வே பில் வந்தது. 2021 பிப்ரவரியில் டோலில் வண்டிக் கண்ணாடியில் ஒட்டித் தானாகப் பணம் கழியும் ஃபாஸ்டேக் கட்டாயமானது. எல்லோரும் இதையும் டிஸ்ரப்ஷன் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. இங்கே கரை தானாக உடையவில்லை, அரசு மண்வெட்டி எடுத்து வெட்டிவிட்டது. ஏரிக்காரர்கள் கரை உடைந்ததா, வெட்டிவிட்டார்களா என்று பிரித்துத்தான் பேசுவார்கள். அந்த நுட்பம் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது, எழுத்தில் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. கிறிஸ்டென்சனும் இப்படிப் பிரித்துப் பார்த்தவர்தான். ஊபர் அடிமட்டத்தில் தொடங்கவில்லை, அதனால் அது தன் கணக்கில் டிஸ்ரப்ஷன் ஆகாது என்று 2015ல் எழுதினார்.

பூட்டு உடைப்பு, தேங்காய் உடைப்பு என்றும் சொல்கிறோமே, குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பும் இடத்தில் 'உடைப்பெடுப்பு' என்று முழுசாகச் சொல்லுங்கள். உடைப்புத் தொழில்நுட்பம், சில்லறை வணிகத்தில் உடைப்பெடுத்தது என்றெல்லாம் எழுதினால் எங்கள் ஊர்க் கிழவருக்கும் புரியும்.

தங்கை மகள் தலைப்பை மாற்றி எழுதிக்கொண்டாள். பிறகு, "உடைப்புக்கு நேர் கீழ இருக்கற காடு என்ன மாமா ஆகும்?" என்று கேட்டாள். மணல் மேவிவிடும், இரண்டு மூன்று வெள்ளாமை போகும் என்றேன். கரை உடைந்தாலும் வெட்டினாலும் கீழ்க்காட்டுக்கு ஒன்றுதான். வாளையாற்றில் லாரிக்காரர்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பிழைத்தவர்களையும், வரிசையில் நின்ற லாரிகளை நம்பி இரவெல்லாம் டீ ஆற்றியவர்களையும் பற்றி ஒரு பத்தி சேர்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.