அடையா, அடைப்பா?

"மூணு நாளா அடைக்குக் குந்தியிருக்குதுங்க டாக்டரம்மா. இன்னைக்குக் காலையில தலை தொங்கிப் போச்சு" என்று சொல்லி ஓர் ஆத்தா வயர் கூடையை என் மேசைமேல் வைத்தார். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக்கோழி. கண் பாதி மூடியிருந்தது. கொண்டை வெளுத்து, நுனியில் நீலம் பாய்ந்திருந்தது. அடிவயிற்றில் கை வைத்ததும் கல்லைப் போல ஒரு முட்டை தட்டுப்பட்டது. ஊசிமருந்தை எடுத்து முடிப்பதற்குள் கோழி இறந்துவிட்டது. "முட்டையிட முடியாமத்தான் செத்துச்சுங்களா? நான் அடைன்னு நெனச்சு அதுக்கடியில ஏழு முட்டை வேற வெச்சு விட்டனே" என்று ஆத்தா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காலமெல்லாம் கோழி வளர்த்தவர் அவர். குஞ்சு பொரிக்க அடைக்கு உட்கார்ந்திருக்கிறதா, முட்டை அடைத்துக்கொண்டு தவிக்கிறதா என்பது அவருக்கே பிடிபடவில்லை என்றால், போன வருடம் மொட்டை மாடியில் நாலு கோழி விட்டவர்களுக்கு எப்படிப் பிடிபடும்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடைக்கோழிக்கு ரோஷம் இருக்கும். கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து, உறுமி, கொத்த வரும். நாளுக்கு ஒரு முறையாவது இறங்கி வந்து அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடியும் போய் உட்காரும். முட்டை அடைத்துக்கொண்ட கோழியிடம் இந்த ரோஷத்தைப் பார்க்க முடியாது. பெட்டிக்குள் போகும், முக்கும், எழுந்து வரும், வேறொரு மூலைக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடும். வாலைத் தாழ்த்தி, காலை அகட்டி, நிறைமாதக்காரி நிற்பதுபோலப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடும். எச்சம் நின்றுபோகும், இல்லையென்றால் வெள்ளைத் தண்ணீராகக் கொஞ்சம் கசியும். அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு வெள்ளைக்கழிச்சல் நோய் என்று நினைத்து மருந்து வாங்கப் போகிறவர்களும் உண்டு. இடுப்புக்குள் இருக்கும் முட்டை நரம்பை அழுத்துவதால் சில கோழிகளுக்குக் கால் தள்ளாடும். வீட்டார் அதை வாதம் என்பார்கள்.

முட்டை ஏன் சிக்குகிறது என்பது தெரிந்தால் வைத்தியம் தானாகப் புரிந்துவிடும். கோழியின் முட்டைக்குழாய் சுமார் இரண்டு அடி நீளம். மஞ்சள் கரு அதற்குள் இறங்கி, வெள்ளைக் கரு சூழ்ந்து, தோல் போர்த்தி, ஓடு கட்டி வெளியே வருவதற்கு 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். ஓர் ஓட்டுக்கு இரண்டு கிராம் அளவுக்குக் கால்சியம் வேண்டும். தீனியில் அது இல்லையென்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். தவிடு, பழைய சோறு, குருணை அரிசி, சோளம் எல்லாமே வயிற்றை நிரப்பும்; கால்சியம் மட்டும் அவற்றில் மிகக் குறைவு. எலும்புக் கையிருப்பும் தீர்ந்துபோனால் ஓடில்லாத தோல்முட்டை வரும். குழாயின் தசை சுருங்கி முட்டையைத் தள்ளுவதற்கும் கால்சியம்தான் தேவை என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஓடு கட்டி முடித்த முட்டை வாசலருகே வந்திருக்கும், தள்ளத்தான் தெம்பு இருக்காது.

கால்சியம் ஒன்றே காரணம் இல்லை. வயது வருவதற்கு முன்பே முட்டைக்கு வந்த விடைக்கோழி (இளம் பெட்டை), கொழுப்பு ஏறிய கோழி, இரட்டைக் கரு முட்டை, குழாயில் சீழ்ப் புண், கடும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் கிடந்தது என்று எதுவாகவும் இருக்கலாம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். திருப்பூரில் மாடியில் ஆறு கோழி வளர்க்கும் ஒரு பெண் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு போன் செய்தார். கோழி காலையிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஆஸ்பத்திரி எதுவும் திறந்திருக்கவில்லை என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் கோழியைத் தனியாக எடுங்கள். எடுக்கும்போது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். சந்தையிலிருந்து நாம் எல்லோரும் அப்படித்தான் தூக்கி வருகிறோம். ஆனால் பறவைக்கு நம்மைப்போல் வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் தசைச்சுவர் கிடையாது. தலைகீழானால் வயிற்றில் இருப்பதெல்லாம் மூச்சுப் பைகளின் மேல் சரிந்துவிடும். இரண்டு கையாலும் இறக்கையோடு அணைத்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குங்கள்.

அகலமான ஒரு டப்பில், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையை நனைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. கோழியின் அடிவயிறு மூழ்கும் அளவு தண்ணீர் போதும். 15 முதல் 20 நிமிடம் அதில் நிறுத்துங்கள். ஆறினால் வெந்நீர் ஊற்றிச் சூட்டைத் தக்கவையுங்கள். கோழியின் மேல் படாமல் ஓரமாக ஊற்ற வேண்டும். உப்பு, மஞ்சள் எதுவும் தேவையில்லை, தசை தளர்வதற்குச் சூடு போதும். முதல் இரண்டு நிமிடம் திமிறிவிட்டுப் பெரும்பாலான கோழிகள் கண்ணை மூடிக்கொள்ளும். பிறகு துண்டால் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் காய வையுங்கள். நனைந்த கோழிக்குக் குளிர் ஏறினால் இருக்கிற தெம்பும் போய்விடும்.

கையைக் கழுவி, கையுறை போட்டு, எச்சத்துவாரத்தின் விளிம்பைச் சுற்றித் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுங்கள். அதோடு உங்கள் கை வேலை முடிந்தது. கனத்த துணி போர்த்திய, இருட்டான, கதகதப்பான பெட்டியில் விட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை துணியை விலக்கிப் பார்க்காதீர்கள். பயந்த கோழி முட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்தில் வெல்லம் கரைத்த தண்ணீர் வையுங்கள். கால்சியம் திரவ மருந்து வீட்டில் இருந்தால் எத்தனை சொட்டு என்பதைக் கோழியின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

அழுத்தாதீர்கள், பிதுக்காதீர்கள், உள்ளே இருக்கும் முட்டையை உடைக்காதீர்கள். இந்த வரியைக் கையெடுத்துக் கும்பிட்டு எழுதுகிறேன். உடைந்த ஓடு பிளேடு மாதிரி; மெல்லிய குழாயைக் கிழித்துவிடும். கிழிந்த இடம் சீழ் பிடித்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். வெளியே தெரியும் முட்டையின் கருவை ஊசியால் உறிஞ்சி, ஓட்டை மெல்ல மடக்கி எடுக்கும் முறை ஒன்று உண்டு. அது மருத்துவர் கையில் நடக்க வேண்டியது. வாயைத் திறந்து விளக்கெண்ணெய் ஊற்றுவதும் ஆபத்து. கோழிக்கு மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். எதைக் கொடுத்தாலும் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அதுவே விழுங்கட்டும்.

இரண்டு மணி நேரம் கழித்து வெந்நீரை இன்னொரு முறை வைக்கலாம். அதற்கும் வரவில்லை என்றால், முக்க ஆரம்பித்து ஒரு பகல் ஓர் இரவு தாண்டுவதற்குள் மருத்துவரிடம் போய்விட வேண்டும். முழுதாக அடைத்துக்கொண்டால் பல கோழிகள் இரண்டு நாளைத் தாண்டுவதில்லை. "முட்டை தள்ளுற ஊசி போட்டு விடுங்க" என்று கேட்கிறார்கள். வழி அடைபட்டிருக்கும்போது அந்த ஊசி போட்டால் குழாய் கிழியலாம் என்பதால் முதலில் தொட்டுப் பார்த்து, கால்சியம் ஏற்றித்தான் நான் யோசிப்பேன். 500 ரூபாய்க் கோழிக்கு ஆட்டோ பிடித்து வருவதா என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. வர முடியாவிட்டால் போனிலாவது கேளுங்கள். கால்நடை உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

வெந்நீரை நம்பி உட்காரக் கூடாத நிலைகளும் உண்டு. வயிற்றில் கெட்டியான முட்டைக்குப் பதில் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் கரு குழாய்க்குள் இறங்காமல் வயிற்றுக்குள் விழுந்து கெட்டிருக்கலாம். சீஸ் கட்டி மாதிரி, அடுக்கடுக்காக ஒரு திரள் வெளியே வந்தால் அது முட்டையே இல்லை, குழாயில் கட்டிய சீழ். இரண்டுக்குமே வீட்டு வைத்தியம் கிடையாது. மெடிக்கலில் ஏதாவது ஆன்டிபயாடிக் வாங்கிக் கலந்து வைப்பதால் நாள்தான் கடந்துபோகும், அந்தக் கோழியின் முட்டையைத் தின்னும் உங்கள் பிள்ளைகளுக்கும் மருந்து போய்ச் சேரும்.

முக்கி முக்கிச் சிவப்பாகச் சதை வெளியே வந்துவிட்டால் நம்மூரில் குடல் தள்ளிவிட்டது என்பார்கள். அது பெரும்பாலும் முட்டைக்குழாயின் கடைசிப் பகுதி. மற்ற கோழிகள் சிவப்பைக் கண்டால் கொத்தித் தின்றுவிடும், எனவே அந்த நொடியே பிரித்துவிடுங்கள். வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரில் கழுவி, சர்க்கரையைக் கெட்டியாகக் குழைத்துப் பூசினால் சதையின் நீரைச் சர்க்கரை இழுத்து வீக்கம் வடியும். ஈரத்துணி சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். ஒரே ஒரு முறை எண்ணெய் விரலால் மெல்ல உள்ளே தள்ளிப் பார்க்கலாம். திரும்ப வந்தால் மறுபடி முயல வேண்டாம்.

முட்டைக் கோழிக்குத் தீனியில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் வேண்டும். தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் உடைத்து வைத்தால் வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். முட்டை ஓட்டைக் கொதிக்க வைத்து, காயவைத்து, பொடித்தும் போடலாம். ஓட்டின் உருவம் தெரியாமல் பொடியுங்கள், இல்லையென்றால் சொந்த முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும். முட்டைக் கோழிக்கென்று விற்கும் லேயர் தீனியைக் குஞ்சுகளுக்குப் போட்டுவிடாதீர்கள். அவ்வளவு கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

திருப்பூர்க் கோழி இரண்டாவது வெந்நீருக்குப் பிறகு, விடிகாலை நாலரைக்கு முட்டையிட்டது. படம் அனுப்பியிருந்தார், ஓடு முழுக்கச் சொரசொரப்பு, ஒரு பக்கம் கொழகொழவென்று தோலாகவே இருந்தது. மாடியில் இரவு பத்து வரை எல்இடி விளக்கு எரிவதையும், தீனி முழுக்கச் சோறும் சோளமும்தான் என்பதையும் அப்புறம்தான் சொன்னார். வெளிச்சம் கூடினால் கோழி முட்டைக்கு ஓய்வு விடாது. விளக்கை நிறுத்தி, பத்து நாள் தனியாக வைத்து, கிளிஞ்சல் கொடுக்கச் சொன்னேன். அந்த முட்டையைச் சமைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், புதைத்துவிட்டு அடுத்த முட்டை வரும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள் என்றேன். ஒன்பதாம் நாள் வந்தது. கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, ஓடு கெட்டியாக இருக்கிறது என்று எனக்கு போன் செய்தார்.