எவாபொரைட்: தமிழில் வற்றற்படிவு

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் ட்ஸ்வாயிங் இருக்கிறது. ஏறத்தாழ 2,20,000 ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து குடைந்த பள்ளம், அதன் அடியில் ஓர் உப்பேரி. பெயரே செட்ஸ்வானா மொழியில் ‘உப்புள்ள இடம்’ என்றுதான் பொருள்படும். எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு போயிருந்தோம். கரையில் சேறு காய்ந்து, தோசைக்கல் ஓரத்து மாவு மாதிரி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தொட்டால் நொறுங்கியது. நீர் ஆவியாகிப் போனபின் இப்படிப் படியும் கனிமங்களை எவாபொரைட் என்றார்கள். “ஐயா, இதுக்குத் தமிழ்ல என்ன?” என்று ஒரு பெண் கேட்டாள்.

லத்தீனில் வேபர் என்றால் நீராவி. முன்னால் நிற்கும் ‘எ’ வெளியேறுவதைக் குறிக்கும். ‘ஐட்’ என்பது கல், கனிமப் பெயர்களில் ஒட்டும் கிரேக்க விகுதி. இதை அப்படியே பெயர்த்து ‘ஆவிப்படிவு’ என்று எழுதலாம். எனக்கு அது ஒப்பவில்லை. ஆவியே படிந்தது போல ஒலிக்கிறது; ஆவி போய்விட்டது, படிந்தது மிச்சம்தானே? ‘உப்புப்படிவு’ என்றால் பிள்ளைகள் சாப்பாட்டு உப்பை மட்டும் நினைப்பார்கள், ஜிப்சம் போன்ற வேறு கனிமங்கள் விட்டுப்போகும்.

நம்மிடம் ‘வற்று’ இருக்கிறது. குளம் வற்றும், குழம்பு வற்றும். நீர் போனபின் கையில் நிற்பது வற்றல். சுண்டைக்காய் வற்றலைத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் ‘வற்றற்படிவு’ விளங்கிவிடும்.

சொல்லில் ‘வற்றல்’ இருந்தால் அறிவியலும் எளிதாகிறது. கடல்நீர் வற்றும்போது முதலில் கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட் படியும், அப்புறம் ஜிப்சம். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே சாப்பாட்டு உப்பு. ஆக, எந்தக் கனிமம் படிந்திருக்கிறது என்று பார்த்தால் நீர் எவ்வளவு வற்றியது என்று தெரியும். ஏரிக்கு ஏரி வரிசை மாறும். சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) மிகுந்த ஏரியில் கால்சியம் முழுவதும் கார்பனேட்டோடு சேர்ந்து முதலிலேயே இறங்கிவிடும், ஜிப்சத்துக்கு மிச்சமிராது. கடைசியில் டிரோனா என்ற சோடாக் கனிமமும் உப்பும் வரும். ட்ஸ்வாயிங் அப்படிப்பட்ட ஏரி. 1956 வரை அங்கே சோடா எடுத்தார்கள்.

அந்த ஏரிக்கு ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை. பள்ளத்தின் விளிம்பு சுற்றிலும் அணைபோல் நிற்பதால், மழை கூடினால் ஏரிநீர் கூடும், குறைந்தால் குறையும். 1980களின் கடைசியில் துளையிட்டு, ஏறத்தாழ 90 மீட்டர் ஆழம்வரை வண்டலை எடுத்தார்கள். அதன் மணல், களி அளவையும் வேதியியலையும் வைத்து நிலவியலாளர் டிம் பார்ட்ரிட்ஜ் குழுவினர் 2,00,000 ஆண்டு மழைக் கணக்கை 1997இல் வெளியிட்டார்கள். மழை ஏறக்குறைய 23,000 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைந்திருக்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் தள்ளாடுவதன் தாளம் அது.

டிரோனா, ஜிப்சம் போன்ற தனிக் கனிமப் பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கூட்டமாகச் சொல்லும்போது வற்றற்படிவுகள். அடுத்த ஞாயிறு கரும்பலகையில் அப்படித்தான் எழுதினேன், கேள்வி கேட்ட பெண்ணே அதை உரக்க வாசித்தாள்.