கடைசி இரண்டடி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குத் தெற்கே, தீவுகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பவளப்பாறை கணக்கெடுக்க இறங்கிய நண்பரோடு ஒருநாள் பைபர் படகில் போயிருந்தேன். தண்ணீருக்குள் அவர் மீன்தான். முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தார். முடியவில்லை. நனைந்த கம்பளியைக் கொடியில் போட்டதுபோல் தொங்கினார். இரண்டாம் முயற்சியில் மூச்சு வாங்கியது. படகோட்டி சிரிக்கவில்லை. "ஏறாதீங்கண்ணே. முதல்ல ஈயத்தைக் குடுங்க" என்றார்.

விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இருந்தது இரண்டடி. அவ்வளவுதான். அந்த இரண்டடியில் ஏன் ஒரு திடகாத்திரமான ஆள் தோற்றுப்போகிறார்?

வேலையின் அளவைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆள் 70 கிலோ. முதுகில் அலுமினிய சிலிண்டர்; நிரம்பியிருக்கும்போது 17 கிலோ, மூச்சுவிட்டுத் தீர்த்தபின் 15. மிதவை ஜாக்கெட்டும் மூச்சிழுக்கும் ரெகுலேட்டரும் ஐந்து கிலோ, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய ஈயம் நாலு கிலோ. கூட்டினால் 95 கிலோவைத் தொடும். அதை 60 செ.மீ. தூக்க ஆகும் ஆற்றல் சுமார் 560 ஜூல். அதே ஆள் வெறுங்கையோடு ஐந்து மாடிப்படி ஏறினால் ஆகிற செலவுதான் இது. ஆனால் மாடிப்படியில் காலுக்கடியில் கல் இருக்கிறது. இங்கே இருப்பது தண்ணீர், மிதித்தால் விலகிப்போகும். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையில் இருக்க, அவற்றுக்கு ஊன்ற இடமில்லாமல் முழுப் பாரமும் கைக்கு வந்துவிடுகிறது.

அந்தப் பாரமும் ஒரேயடியாக வருவதில்லை. எவ்வளவு தண்ணீரை விலக்குகிறோமோ அவ்வளவு தண்ணீரின் எடையைக் கடல் நமக்காகச் சுமக்கிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதைத்தான். கழுத்துவரை மூழ்கியிருக்கும்போது மேலே நிற்பது தலை மட்டும், சுமார் ஐந்து கிலோ. தோள் வெளியே வந்தால் அந்த அளவுக்குக் கடல் கையை விட்டுவிடும். இடுப்புவரை வந்தால் தலை, கை, நெஞ்சு, வயிறு என உடம்பின் பாதிக்கும் மேற்பட்ட எடை திரும்பி வந்திருக்கும். முதுகில் சிலிண்டர் வேறு. ஏற ஏறக் கனம் கூடும், கையோ ஏற ஏறத் தளரும். அதனால்தான் பெரும்பாலோர் முக்கால்வாசி ஏறிவிட்டுத் திரும்ப விழுகிறார்கள்.

ஈயத்தை முதலில் கேட்டதற்கும் கணக்கு உண்டு. ஈயம் தண்ணீரைப்போல் பதினொரு மடங்கு அடர்த்தி. கடலுக்குள்ளும் அதன் எடையில் பதினொன்றில் ஒரு பங்குதான் குறையும். சிலிண்டர் அப்படியில்லை. காற்று தீர்ந்த அலுமினிய சிலிண்டர் தண்ணீரில் மிதக்கவே பார்க்கும். இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். ஈயம் இடுப்பில் இருக்க, காற்றூதிய ஜாக்கெட்டையும் சிலிண்டரையும் முதலில் கழற்றினால் மிதக்கவைத்தது போய் அமிழ்த்துவது மட்டும் மிஞ்சும். ஆள் கீழே போவார். அதனால் ஜாக்கெட்டில் காற்றை நிரப்பிக்கொண்டு ஈயத்தைக் கழற்றி மேலே கொடுக்க வேண்டும், அப்புறம் ஜாக்கெட்டோடு சிலிண்டர், கடைசியில் ஆள். ஏணி இல்லாத படகில் காலில் மாட்டிய பின்ஸை, அதாவது துடுப்புச் செருப்பை, மட்டும் கழற்றக் கூடாது. ஊன்ற இடமில்லாத காலுக்குக் கொஞ்சமாவது ஊன்றுகோல் அதுதான்.

இந்த ஊர்க் கடலுக்கு இது புதுப் பாடமும் இல்லை. முத்துக்குளித்த காலத்தில், மூழ்குபவர் 15, 20 கிலோ கல்லில் கால் வைத்துக் கீழே போவார். தரை தட்டியதும் கல்லை விட்டுவிடுவார். படகிலிருப்பவர்கள் அதைத் தனிக்கயிற்றில் இழுத்துக்கொள்வார்கள். சிப்பிக்கூடை தனியாக வரும், ஆள் தனியாக வருவார். கனத்தைப் பிரித்து ஏற்றுவது என்ற அதே யோசனை. கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம், அக்காள் தங்கை தாலி அவர் கையில் இருப்பதால். இயற்பியலில் இதற்குச் சூத்திரம் இல்லை என்றாலும் நல்ல ஏற்பாடுதான்.

சரி, கனத்தைக் குறைத்தாயிற்று. ஏறும் வித்தை என்ன? கைகளை விளிம்பில் வைத்து, உடம்பைக் கிடையாக மிதக்கவிட்டு, பின்ஸால் வேகமாக உதைக்க வேண்டும். நெட்டாகத் தொங்கினால் கால் படகுக்கு அடியில் போய்விடும்; பிறகு உதைத்தாலும் படகின் அடிவயிற்றில்தான் படும். உதைத்து எழும் வேகத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் எழும்பினால், கை எதுவும் செய்யாமலே 20 செ.மீ. கிடைக்கும். இரண்டடியில் மூன்றில் ஒரு பங்கு இனாம். அலையும் உதவும்: நம்மை அலை தூக்கி, படகு தாழும் நொடியைப் பார்த்து உதைத்தால் விளிம்பே இறங்கி வந்ததுபோல் இருக்கும். தென்மேற்குக் காற்று மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம், இங்கே ஆண் கடல் என்பார்கள், இந்த நொடியைத் தப்பவிட்டால் விளிம்பு தாடையில் இடிக்கும். வடக்கே பாக் விரிகுடா, பெண் கடல், அந்த மாதங்களில் இவ்வளவு முரண்டு பிடிக்காது.

ஏணி இருந்தால் எல்லாம் சுலபம் என்று நினைக்கலாம். நீர்மட்டத்தோடு நின்றுவிடும் ஏணி அலங்காரத்துக்குத்தான். கீழ்ப்படி தண்ணீருக்குள் இரண்டடியாவது போனால்தான், எடை திரும்பி வருவதற்கு முன்பே கால் ஊன்றும். ஏணி படகை விட்டுச் சற்றுத் தள்ளியும் நிற்க வேண்டும், இல்லையென்றால் விரல் நுனிதான் படியில் பதியும். அவசரத்துக்குக் கயிற்றில் வளையம் போட்டுத் தொங்கவிடுவதுண்டு. அது மிதித்த காலை அப்படியே படகுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய், ஆளை மல்லாத்தும். கயிற்றின் இரு முனைகளையும் விளிம்பில் தள்ளித் தள்ளிக் கட்டி நடுவில் தொய்யவிட்டால் ஆட்டம் குறையும்.

இவ்வளவு நேரம் ஏறுபவரைப் பற்றிப் பேசினோம். படகில் இருப்பவர் செய்யும் தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒருவர் விளிம்பில் தொங்கியதும் மற்றவர்கள் பதறிப்போய் அதே பக்கம் ஓடிவந்து கைகொடுப்பார்கள். ஐந்தடி அகலப் படகில் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 75 செ.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே தொங்கும் எடையோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் தராசின் ஒரே தட்டில் எல்லாப் படிக்கல்லையும் போட்ட கதை. விளிம்பு தாழ்ந்து கடல் உள்ளே வரும். உள்ளே வந்த தண்ணீரும் சும்மா நிற்காது. தாழ்ந்த பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். ஒருவர் கைகொடுக்க, மற்றவர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்வதே உதவி.

எஞ்சினைப் பற்றி ஒரு வரி போதும்: நியூட்ரல் அல்ல, ஆஃப். கியர் தவறி விழுந்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போதுகூட புரொப்பெல்லர் நொடிக்கு ஐந்தாறு முறை சுற்றும்; மூன்று இதழ் என்றால் நொடிக்குப் பதினைந்து வெட்டுக்கு மேல்.

நீரோட்டம் இருந்தால், ஏறும் யோசனைக்கு முன்பே, மிதவை கட்டிய நீளக் கயிறு ஒன்று படகின் பின்னால் கிடக்க வேண்டும். மணிக்கு ஒரு கடல்மைல் ஓட்டம் என்பது நிமிடத்துக்கு 30 மீட்டர். சிலிண்டரோடு அதை எதிர்த்து நெடுநேரம் நீந்த முடியாது. களைத்த கையோடு விளிம்பைப் பிடித்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் இன்னும் மோசமாகும். ஆழத்தில் இருந்து வந்த உடனே உடம்பைக் கடுமையாக வருத்துவது, ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக மாறும் ஆபத்தையும் கூட்டும்.

ஏறவே முடியாதவரை, நினைவு தப்பியவரை, என்ன செய்வது? நெடுநேரம் நெட்டாக மிதந்தவரின் காலை, ஒரு மீட்டர் ஆழத்தில், கடல்நீர் சுமார் 75 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்திப் பிடித்திருக்கும். ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்பட்டிருக்கும். நெட்டாகவே தூக்கினால் அந்தப் பிடி சட்டென்று விட்டு, ரத்தம் காலுக்கு இறங்கி, இதயத்துக்கு வருவது குறையும். அதனால் முடிந்தால் படுக்கைவாக்கில் ஏற்ற வேண்டும். மரத்தடியை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு வழி தெரியும். வலைத்துண்டையோ தார்ப்பாயையோ எடுத்து, ஒரு ஓரத்தை விளிம்பில் கட்டி, மறு ஓரத்தை ஆளுக்கு அடியில் விட்டு மேலே இழுத்தால் ஆள் உருண்டபடி வருவார். கட்டிய ஓரம் பாதிப் பாரத்தைச் சுமக்கும். இழுப்பவருக்கு மிச்சம் பாதிதான்.

என் நண்பருக்கு அது தேவைப்படவில்லை. ஈயம் போனது, சிலிண்டர் போனது, மூன்றாவது உதையில் படகுக்குள் விழுந்தார். படகோட்டி அப்போதும் எதிர்ப்பக்கத்தை விட்டு நகரவில்லை.