சுவடியைத் துடைக்காமல் கொண்டுவாருங்கள்

போன ஆடியில் ஒருவர் மஞ்சப்பையில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டோடு எங்கள் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்துக்கு வந்தார். தாத்தா வைத்தியராம். "பதினெட்டாம் பெருக்குக்கு ஆத்துல விட்டுரலாம்னு அம்மா சொன்னாங்க சார். எனக்குத்தான் மனசு வரல. ஈரத்துணியால துடைச்சு, தேங்காய் எண்ணெய் தடவி, வெயில்ல காயவெச்சுக் கொண்டாந்திருக்கேன்" என்றார். ஆற்றுக்குப் போகாமல் தப்பியதே பெரிது. ஆனால் ஏடுகள் பொரித்த அப்பளமாக வளைந்திருந்தன. எழுத்தைக் காணோம்.

எழுத்து எங்கும் போய்விடவில்லை. எழுத்தாணி கீறிய பள்ளம் அப்படியே இருக்கிறது, அதில் தேய்த்திருந்த விளக்குக்கரிதான் ஈரத்தோடு போயிற்று. மறுபடி கரி தேய்த்து மையாடினால் படித்துவிடலாம். வளைந்த ஏட்டை விரிசல் விடாமல் நிமிர்த்துவதும், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய தூசியை எடுப்பதும்தான் பெரும்பாடு. நாங்கள் எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுகிறோம். பூச்சி அண்டாது, ஏடும் விறைக்காது. அதையும் வீட்டில் முயல வேண்டாம். ரப்பர் பேண்டு, செல்லோடேப், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள்.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல், உடைந்தது என்று கடைசி ஏட்டை வீட்டிலேயே கழித்துவிடுவது. எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இருந்தாலும் சிக்கல் தீராது. 'சித்திரபானு வருஷம் ஐப்பசி மாதம்' என்று மட்டும் இருந்தால்? அந்த வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1822-ஆ, 1882-ஆ? ஏட்டை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். "எங்க பாட்டியோட அப்பா கையெழுத்து" என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி அங்கே கைகொடுக்கும். அதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்.

குற்றம் எங்கள் பக்கமும் உண்டு. ஏட்டின் ஒரு துளையில் கயிறு கோத்திருக்கும். அதன் நுனியில் கிளிமூக்கு என்று கத்தரித்த ஓலைத்துண்டு. மற்ற துளையில் நாராசம் என்ற உலோகக் கம்பி. நான் முன்பு இருந்த இடத்தில் ஏடு நூலகத்துக்கும், நாராசமும் எழுத்தாணியும் அருங்காட்சியகத்துக்கும் போயின. தனித்தனிப் பதிவேடு, தனித்தனி எண். கிளிமூக்கு குப்பைக்குப் போயிருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் 'பழங்கால எழுத்தாணி' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அது எழுதிய ஏடுகள் இரண்டு கட்டடம் தள்ளி அலமாரியில் இருப்பது யாருக்கும் தெரியாது. கொடுத்த குடும்பத்தின் பழைய கடிதம் ஒன்று கோப்பில் அகப்பட்டதால்தான் இரண்டையும் சேர்க்க முடிந்தது.

அதனால் சுவடியைக் கொடுக்கும்போது பலகை, கயிறு, துணி, எழுத்தாணி, பொடிந்த துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் பதியச் சொல்லி ரசீது கேளுங்கள். கிளார்க் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.